பையன் அஞ்சு நாளா வெளிக்கிப் போகல. பவுடரை மாசக்கணக்குல குடுக்கலாமா?

தெற்குவாடி அம்மா | ஜனவரி 19, இரவு 10.20

வணக்கம். பாம்பன்ல இருந்து எழுதுறேன். பையனுக்கு நாலரை வயசு, எல்.கே.ஜி. போறான். ஆறேழு மாசமா மோஷன் பிரச்சினை. நாலு நாள், அஞ்சு நாளைக்கு ஒரு தடவைதான் போறான். போனா பெரிய ஆளு போற மொத்தத்துக்கு, கல்லு மாதிரி. ரெண்டு தடவை மேலாப்புல ரத்தம் ஒட்டியிருந்துச்சு. வர்ற நேரம் எங்களுக்கே தெரிஞ்சிரும். கதவுக்குப் பின்னால போயி நின்னுக்குவான். காலு ரெண்டையும் பின்னிக்கிட்டு, நுனிக்கால்ல எம்பி, மூஞ்சியெல்லாம் செவந்துரும். நாங்களும் பக்கத்துல நின்னு "முக்கு ராசா, முக்கு"ன்னு சொல்லிப் பாப்போம். வராது. அப்புறம் ஒண்ணும் நடக்காத மாதிரி விளையாடப் போயிருவான்.

மாமியார் வெத்தலைக் காம்புல விளக்கெண்ணெய் தடவி ரெண்டு மூணு தடவை வச்சுவிட்டாங்க. வந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா இப்ப அவங்க வெத்தலைப் பெட்டியைத் தொறந்தாலே பிள்ளை வாசலுக்கு ஓடுறான். அவங்க பாவம், போயிலை போடத்தான் தொறந்திருப்பாங்க.

போன வாரம் நாங்க எப்பவும் காட்டுற டாக்டர் ஒரு பவுடர் எழுதினார். தண்ணியில கலக்கிக் குடுக்கிறது. மூணு மாசமாச்சும் குடுக்கணும்னார். வீட்டுக்காரர் "மூணு மாசமா? பழகிப் போயிரும், அப்புறம் அது இல்லாம போகவே மாட்டான்"ங்கிறார். அஞ்சு நாள் குடுத்தோம், ரெண்டு தடவை நல்லாப் போனான், நிறுத்திட்டோம். இன்னையோட மறுபடி அஞ்சு நாளு. வயிறு கல்லு கணக்கா இருக்கு. சாப்பாடும் எறங்கல. யாராச்சும் சொல்லுங்க.

கீழக்கரை லாத்தா | ஜனவரி 19, இரவு 10.48

கிஸ்மிஸ் பத்து ராத்திரி ஊறப்போட்டு காலையில கசக்கிக் குடு. எங்க உம்மா காலத்துல இருந்து அதுதான். எம்மகன் கதை வேற மாதிரி, பெருசு, நாளைக்கு எழுதுறேன்.

பனங்காட்டு ஐயா | ஜனவரி 20, காலை 5.55

சாயல்குடிப் பக்கம். எனக்கு வயசு 71. எங்க காலத்துல ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஞாயித்துக்கிழமை விடியக்காலம் எல்லாப் பிள்ளையையும் வரிசையா உக்கார வச்சு விளக்கெண்ணெய் ஊத்துவாங்க. மூக்கைப் பிடிச்சுத்தான் ஊத்துவாங்க. மத்தியானம் ரசஞ்சோறு. வருசம் பூரா வயித்துக்கு ஒரு கேடு வராது. இப்ப பிஸ்கட்டும் புரோட்டாவும் குடுத்துட்டு பவுடரைத் தேடுறீங்க. தை மாசம், பனங்கிழங்கு மலிஞ்சு கெடக்கு. அவிச்சுக் குடுங்க. நாரு நாரா இருக்குல்ல, குடலைக் கூட்டிப் பெருக்கிரும்.

மெடிக்கல் தம்பி | ஜனவரி 20, காலை 9.15

அக்கா, கவுன்டர்ல நின்னு பாக்கிறவன் சொல்றேன். இந்தப் பவுடர் சீட்டு வந்தா பத்துக்கு எட்டுப் பேர் ரெண்டாவது தடவை வாங்க வர்றதில்ல. மூணு மாசம் கழிச்சு அதே பிள்ளையோட அப்பா எனிமா கேட்டு வர்றார். இன்னொரு விசயம்: பாக்கெட்டுக்குப் பாக்கெட் கிராம் வேற வேற. அதே மருந்து பெரிய பாக்கெட்டாவும் வருது, அது குடல்ல டியூப் விட்டுப் பாக்கிறதுக்கு முன்னால பெரியவங்க குடிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வச்சதுன்னு எடுத்துக் கலக்கிராதீங்க. கிராமைப் பாத்து வாங்குங்க.

கடலோர டாக்டர் | ஜனவரி 20, இரவு 11.30

மண்டபத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவுல சின்ன கிளினிக் வச்சிருக்கிற பொது மருத்துவன் நான். குழந்தை நிபுணர் இல்லை. ஆனா இந்தப் பிரச்சினையில முக்கால்வாசிப் பிள்ளைங்க முதல்ல எங்ககிட்டதான் வருது, எங்ககிட்டயே சரியாகவும் வேணும்.

அம்மா, உங்க பதிவுலயே பதில் இருக்கு. கதவுக்குப் பின்னால நின்னு காலைப் பின்னுறான், நுனிக்கால்ல எம்புறான்னு எழுதியிருக்கீங்க. அது முக்குறது இல்லை. அடக்குறது. வெளிய வர்றதை உள்ளுக்கு இழுத்துப் பிடிக்கிறான். நீங்க "முக்கு"ன்னு சொல்லச் சொல்ல அவன் இன்னும் இறுக்கிக்கிறான். மலச்சிக்கல்னு வர்ற பத்து வீட்டுல எட்டு வீட்டுல இதைத்தான் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. நானே பல வருசம் பெத்தவங்ககிட்ட இதைக் கேக்காம விட்டிருக்கேன். அஞ்சு நாள் சிரப், "காய்கறி குடுங்க", அடுத்த டோக்கன். அவ்வளவுதான் என் வைத்தியமா இருந்துச்சு.

நடக்கிறது இதுதான். ஏதோ ஒரு நாள் கட்டியா வந்திருக்கும். காய்ச்சல்ல படுத்திருந்திருப்பான், இல்ல ஸ்கூல் சேர்த்த புதுசு. ஆசனவாய் ஓரத்துல கீறி ரத்தம் வந்திருக்கும். சுருக்குன்னு வலிச்சிருக்கும். நாலு வயசுப் பிள்ளை அன்னைக்கே முடிவு பண்ணிருவான், இனி இதை வெளிய விடக்கூடாதுன்னு. அடக்க அடக்க மலக்குடல் அதுல இருக்கிற தண்ணியை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். மலம் இன்னும் கல்லாகும், பெருசாகும். அடுத்த தடவை இன்னும் வலி. அவன் பயந்தது சரிதான்னு ஆயிருது. மாசக்கணக்குல இப்படி நிறைஞ்சு நிறைஞ்சு மலக்குடல் விரிஞ்சிருச்சுன்னா, வருதுங்கிற உணர்ச்சியே மழுங்கிப்போகும்.

அதனால இதை "சாப்பாட்டுக் கோளாறு"ன்னு மட்டும் பாத்தா வேலைக்காகாது. பழம், காய், தண்ணி எல்லாம் வேணும். ஆனா ஏற்கனவே அடைச்சுக் கிடக்கிற பிள்ளைக்கு அதை மட்டும் குடுத்து அனுப்பாதீங்கன்னு 2010ல வந்த, இங்கிலாந்துல வைத்திய முறைகளை வகுக்கிற நைஸ் அமைப்போட வழிகாட்டியே சொல்லுது. அடைச்சதுக்கு மேல நாரைத் திணிச்சா வயிறு இன்னும் உப்பும். பனங்கிழங்கு ஐயா மன்னிக்கணும், கிழங்கு நல்லதுதான், அதுக்கு நேரம் இது இல்லை.

வைத்தியம் ரெண்டு கட்டம். முதல்ல உள்ள இருக்கிறதைக் காலி பண்ணணும். அதுக்குப் பிறகு மறுபடி சேராம பாத்துக்கணும். உங்க பவுடர் பாலிஎத்திலீன் கிளைக்கால். காலி பண்றதுக்கு உலகம் பூரா வழிகாட்டிகள் சொல்ற அளவு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.5 கிராம், 3 முதல் 6 நாள் வரை. அப்புறம் தொடர்ந்து குடுக்கிற அளவு கிலோவுக்கு 0.4 கிராம்ல ஆரம்பிச்சு, மலம் எப்படிப் போகுதுன்னு பாத்துக் கூட்டிக் குறைக்கிறது. 14 கிலோ பிள்ளைன்னா முதல் கட்டத்துல நாளைக்கு 14 முதல் 21 கிராம், அப்புறம் 5, 6 கிராம். கணக்குக்காகத்தான் இதைச் சொல்றேன், இதைப் படிச்சுட்டு நீங்களா ஆரம்பிக்க வேண்டாம், உங்க டாக்டர்தான் வயித்தைத் தொட்டுப் பாத்து முடிவு பண்ணணும். ஆனா ஒண்ணு கேளுங்க: இவ்வளவு அடைச்ச பிள்ளைக்கு முதல் கட்டமே இல்லாம நேரா சின்ன அளவுல ஆரம்பிச்சா, அது பக்கவாட்டுல ஒழுகிட்டுப் போயிரும், கட்டி அப்படியே இருக்கும். "மருந்து கேக்கல"ன்னு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு அளவுதான் குறைச்சலா இருக்கும்.

பழகிருமா? பழகாது. இந்தப் பவுடர் ரத்தத்துல சேர்றதே இல்லைன்னு சொல்லலாம். தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கிட்டு குடலோட போயி வெளிய வந்துரும். குடலை அடிச்சு விரட்டுற மருந்து இல்லை. பழக்கம்னு பாத்தா உங்க பையனுக்கு ஏற்கனவே ஒரு பழக்கம் இருக்கு, அடக்குறது. அது ஆறேழு மாசப் பழக்கம், அஞ்சு நாள்ல போகாது. விரிஞ்ச குடல் சுருங்கவும் மாசங்கள் ஆகும். குறைஞ்சது ரெண்டு மாசம், அதுலயும் கடைசி ஒரு மாசம் ஒரு தொந்தரவும் இல்லாம இருந்த பிறகுதான் மெல்ல மெல்லக் குறைக்கணும். பல பிள்ளைங்களுக்கு ஆறு மாசம், அதுக்கு மேலயும் போகும்.

தெற்குவாடி அம்மா | ஜனவரி 21, காலை 6.10

ராத்திரியே படிச்சேன் டாக்டர். வீட்டுக்காரருக்கும் வாசிச்சுக் காட்டினேன். "அடக்குறானா?"ன்னு கேட்டுட்டுப் பேசாம உக்காந்துட்டார். நாங்க ஆறு மாசமா பக்கத்துல நின்னு கத்திக்கிட்டு இருந்திருக்கோம்.

ஒரு கேள்வி. ஸ்கேன், எக்ஸ்ரே எதுவும் வேணாமா? சொந்தக்காரங்க மதுரைக்குக் கூட்டிப் போகச் சொல்றாங்க.

கடலோர டாக்டர் | ஜனவரி 21, மதியம் 2.40

பெரும்பாலும் வேணாம். மலச்சிக்கல் பிள்ளைங்கள்ல நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல உள்ளுக்குள்ள வேற நோய் எதுவும் கிடையாது. கேள்வியும் கையும் போதும்.

நான் கேக்கிற முதல் கேள்வியே அம்மாவுக்கு ஆச்சரியமா இருக்கும்: பொறந்து எத்தனை மணி நேரத்துல தார் மாதிரி அந்தக் கறுப்பு மலம் போச்சு? 48 மணி நேரத்துக்கு மேல ஆச்சுன்னா, அல்லது முதல் மாசத்துல இருந்தே சிக்கல்னா, பெருங்குடலோட கடைசிப் பாகத்துல நரம்பு அணுக்கள் இல்லாம பிறக்கிற ஒரு குறை இருக்கு, ஹிர்ஷ்ஸ்பிரங் நோய். டென்மார்க் டாக்டர் ஹிர்ஷ்ஸ்பிரங் 1886ல எடுத்துச் சொன்னது. ஏறக்குறைய 5000 பிள்ளைக்கு ஒண்ணு. அதுக்கு பவுடர் பிரயோஜனம் இல்லை, ஆபரேஷன்தான். அப்புறம் எடை ஏறுதா, உயரம் வளருதா, பச்சையா வாந்தி எடுக்குதா, வயிறு பானையா உப்புதா, காலுல பலக்குறைவு இருக்கா, ஒழுங்கா ஓடுதா. கீறல் இல்லாம ரத்தம் போகுதா. கவுத்துப் போட்டு இடுப்புக்குக் கீழ முதுகெலும்பு முடியுற இடத்துல குழியோ முடிக்கொத்தோ இருக்கான்னு பாப்பேன். இடது அடிவயித்துல கை வச்சா கட்டி கட்டியா தட்டுப்படும். ஆசனவாய் வெளியில இருந்து பாத்தாலே வெடிப்பு தெரியும். விரல் விட்டுப் பாக்கிறது எல்லாப் பிள்ளைக்கும் தேவையில்லை, ஏற்கனவே பயந்து கிடக்கிற பிள்ளைக்கு அது இன்னொரு வெத்தலைக் காம்பு.

கேள்வியிலயும் முதுகுலயும் எந்தக் கோளாறும் இல்லை, வயசு நாலுக்கு மேல, ஒரு மாசத்துக்கு மேலயா வாரம் ரெண்டு தடவையோ குறைவோ போறான், அடக்குறான், வலிக்குது, மொத்தமா போகுதுன்னா அதுவே போதும். இதுல ரெண்டு இருந்தா போதும்னு, குடல் கோளாறைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் வச்சிருக்கிற ரோம் அளவுகோல் சொல்லுது. உங்க பையனுக்கு நாலும் இருக்கு. முதல்ல சொன்ன கேள்விகள்லயோ முதுகுலயோ ஏதாச்சும் கோளாறு தெரிஞ்சா, இல்ல மூணு மாசம் முழு அளவுல குடுத்தும் கேக்கலைன்னா, அப்ப நானே சீட்டு எழுதி ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிருவேன். 2022ல மருத்துவக் கல்லூரி வந்த பிறகு எதுக்கெடுத்தாலும் மதுரை பஸ் ஏற வேண்டியதில்லை.

இன்னொன்னு. காலி பண்ற கட்டத்தை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரம்பிக்கச் சொல்வேன். ரெண்டு நாள் ஒழுகும், ஜட்டி நிக்காது, அதை ஸ்கூல்ல வச்சுக்கக் கூடாது. நடுவுல வாந்தி எடுத்தாலோ வயிறு உப்பினாலோ நிறுத்திட்டு உடனே கூட்டிட்டு வரணும்.

கீழக்கரை லாத்தா | ஜனவரி 21, இரவு 9.05

சொன்ன கதை. மகனுக்கு அப்ப ஏழு வயசு. வாப்பா துபாய்ல. பிள்ளை ஜட்டியில எப்பப் பாத்தாலும் கொஞ்சம் கறை. தண்ணியாட்டம் ஒழுகும், ஒரு நாளைக்கு நாலு தடவை. வயித்துப்போக்குன்னு நெனச்சு மெடிக்கல்ல கழிச்சல் நிக்கிற மருந்து வாங்கிக் குடுத்தேன். மாதுளம் தோல் கஷாயம், கட்டித்தயிர்ச் சோறு, எல்லாம் நிப்பாட்டுற வைத்தியம். ஒழுகல் கூடுச்சே தவிர நிக்கல. மதரஸாவுல பிள்ளைங்க கிண்டல். நானும் அடிச்சிருக்கேன், அல்லாஹ் மன்னிக்கணும். "இவ்வளவு பெரிய பையன், வாசனை கூடவா தெரியாது?"ன்னு கேப்பேன். தெரியலம்மாம்பான்.

கடைசில டாக்டரம்மா வயித்தைத் தொட்டுப் பாத்துட்டு "இது போக்கு இல்ல, சிக்கல்"னாங்க. நான் நம்பவே இல்ல. சிக்கல்னா ஒழுகுமா?

வலைக்காரன் | ஜனவரி 21, இரவு 9.40

லாத்தா, ஒழுகும். நம்ம முகத்துவாரத்தை நெனச்சுப் பாருங்க. மணல் தட்டி வாய் அடைச்சிரும். பெரிய தண்ணி வெளிய போகாது. ஆனா ஓரமா அரிச்சு அரிச்சு கசியும். கசியுறதைப் பாத்துட்டு வாய் தொறந்திருக்குன்னு எவனாச்சும் போட்டை விடுவானா? அந்த நேரத்துல ஓரத்தையும் அடைச்சா என்ன ஆகும்.

தெற்குவாடி அம்மாவோட வீட்டுக்காரர் நான்தான்னு நெனைக்கிறேன். சங்கத்து ஆளுக யாரும் இதைப் படிக்கலைன்னா சரி.

கடலோர டாக்டர் | ஜனவரி 21, இரவு 10.02

இருவது வருசமா இதைப் படம் போட்டு விளக்கிட்டு இருக்கேன், முகத்துவாரம் எனக்குத் தோணல. நாளையில இருந்து திருடிக்கிறேன்.

லாத்தா, உங்க மகன் பொய் சொல்லல. விரிஞ்ச குடல்ல உணர்ச்சி மழுங்கிட்டா கசியுறது பிள்ளைக்கு உண்மையிலயே தெரியாது. வாசனையும் பழகிரும். அடிச்சா இன்னும் அடக்குவான், ஜட்டியை ஒளிச்சு வைப்பான். வைத்தியத்துல பாதி, அம்மா அப்பாவை உக்கார வச்சு இதைச் சொல்றதுதான். சாயங்காலம் எண்பது பேர் வெளிய காத்திருக்கிறப்ப அந்தப் பத்து நிமிசம் எங்களுக்குக் கிடைக்கிறதில்ல. அதான் பவுடரை எழுதிட்டு விட்டுர்றோம், நீங்களும் அஞ்சு நாள்ல நிறுத்திர்றீங்க.

பனங்காட்டு ஐயா | ஜனவரி 22, காலை 5.40

ஆக எங்க ஆத்தா அப்பத்தா எல்லாம் தப்புப் பண்ணினாங்கன்னு சொல்றீங்க.

கடலோர டாக்டர் | ஜனவரி 22, இரவு 10.50

அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு வராதுங்கய்யா. எங்க அப்பத்தாவும் எனக்கு ஊத்தியிருக்கு. விளக்கெண்ணெய் வேலை செய்யும், சந்தேகமில்ல. குடலை முறுக்கித் தள்ளும், அந்த முறுக்கல்தான் பிள்ளைக்கு வலி. மூக்கைப் பிடிச்சு ஊத்துறதுதான் எனக்குப் பயம். திமிருற பிள்ளைக்கு எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள்ள போனா நுரையீரல் அழற்சி வரும், அது சாதாரண சளி மாதிரி ஆறாது. வெத்தலைக் காம்பு, சோப்புத் துண்டு ரெண்டும் உள்சவ்வைப் புண்ணாக்கும். அன்னைக்கு வெளிய வந்துரும், ஆனா பின்பக்கம் யார் கை வச்சாலும் வலிங்கிற பாடம் பிள்ளை மனசுல நின்னுரும். எனிமாவுக்கும் அதே கதை. நான் எனிமா போடாம இல்ல, வாயால மருந்து எறங்காத அளவுக்கு முட்டிக்கிட்டு வந்தா போடுவேன். முதல் ஆயுதமா எடுக்க மாட்டேன்.

உங்க காலத்துல ஒரு விசயம் நல்லா இருந்துச்சு. விடிஞ்சதும் கடற்கரையோ கருவேலங்காடோ, குத்துக்கால் போட்டு, கூட நாலு பிள்ளைங்களோட பேசிக்கிட்டே உக்காருவோம். சுகாதாரத்துக்குக் கேடு, அதை யாரும் திரும்பக் கொண்டு வர வேண்டாம். ஆனா குத்த வச்ச உக்காரலும், அவசரமில்லாத நேரமும், பயமில்லாத மனசும் அதுல இருந்துச்சு. இப்ப வெஸ்டர்ன் டாய்லெட்ல நாலு வயசுப் பிள்ளை காலைத் தொங்கவிட்டு, விழுந்துருவோமோன்னு ரெண்டு கையாலயும் ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. எப்படிப் போகும்? காலுக்குக் கீழ ஒரு முக்காலி போடுங்க, முட்டி இடுப்பை விட மேல வரணும். இந்தியன் டாய்லெட்னா அந்தக் குழியைப் பாத்துப் பயப்படுதான்னு கேளுங்க, லைட் போடுங்க. சில வீட்டுல டாய்லெட்டுக்குள்ள வலையும் நங்கூரமும் கிடக்கு. நான் வீட்டுக்கே போயி பாத்திருக்கேன்.

சாப்பிட்டு 15 முதல் 30 நிமிசத்துக்குள்ள குடல் தானா அசையும். அந்த நேரத்துல 5 முதல் 10 நிமிசம் உக்கார வைங்க. வந்தாலும் சரி, வராட்டியும் சரி, உக்காந்ததுக்கே ஒரு ஸ்டிக்கர். பலூன் ஊதச் சொல்லுங்க. ஊதினா வயிறு தானா அழுத்தும், கீழ தானா தளரும். "முக்கு"ங்கிற வார்த்தை வீட்டுல யாரும் சொல்லக்கூடாது.

தெற்குவாடி அம்மா | ஜனவரி 22, இரவு 11.15

பலூன் இல்ல. ராமேஸ்வரத்துல வாங்கின ஊதுற சங்கு ஒண்ணு இருக்கு. பரவாயில்லையா?

கடலோர டாக்டர் | ஜனவரி 22, இரவு 11.18

அருமை. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட மட்டும் முன்கூட்டியே சொல்லிருங்க.

தொடக்கப்பள்ளி டீச்சர் | ஜனவரி 25, மாலை 6.30

தேவிபட்டினம் பக்கத்துல அரசுப் பள்ளி. அந்த 15 முதல் 30 நிமிசம்னு டாக்டர் எழுதினதைப் படிச்சதும் எனக்கு ஒண்ணு உறைச்சுது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல மதுரையில தொடங்கி அடுத்த ஆகஸ்ட்ல எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சு. பிள்ளைங்க வயிறார உப்புமா, பொங்கல்னு சாப்பிட்டுத்தான் வகுப்புக்கு வருது, அதுல எந்தக் குறையும் சொல்ல மாட்டேன், வருகையே கூடியிருக்கு. ஆனா சாப்பிட்டு அரை மணி நேரத்துல வயிறு அசையும்னா அது எங்க முதல் பீரியடு. நெளியுறதுங்களை நான் "ஆடாம உக்காரு"ன்னு சொல்லியிருக்கேன்.

கழிவறை இருக்கு. தாழ்ப்பாள் ஆடும். கோடையில தண்ணி வராத நாள் உண்டு, நம்ம மாவட்டத்துல குடிக்கவே குடத்தோட நிக்கிறோம். பெண்பிள்ளைங்க காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒண்ணுக்கே போகாம, அதுக்காகத் தண்ணியும் குடிக்காம இருக்குதுங்க. இந்த வாரம் முதல் மணி அடிச்சு பத்து நிமிசம் யாரும் கேக்காமலே போயிட்டு வரலாம்னு என் வகுப்புல மட்டும் விட்டிருக்கேன். முதல் நாள் எல்லாரும் வேடிக்கைக்குப் போனாங்க. மூணாம் நாள்ல இருந்து அஞ்சாறு பேர்தான், ஆனா அதே அஞ்சாறு பேர்.

கடலோர டாக்டர் | ஜனவரி 25, இரவு 10.15

டீச்சர், அந்த அஞ்சாறு பேர்தான் எனக்கு வர வேண்டிய நோயாளிங்க.

கிராம நர்ஸ் | ஜனவரி 27, இரவு 8.20

கைப்பிள்ளை வச்சிருக்கவங்க இதைப் படிச்சுட்டு பயந்துரக் கூடாதுன்னு எழுதுறேன். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை ஒரு வாரம் போகாம இருந்து, அப்புறம் இளக்கமா போனா அது சிக்கல் இல்ல. முகம் செவந்து பத்து நிமிசம் அழுது முனகிட்டு, கடைசில களி மாதிரி இளகின மலம் போனாலும் சிக்கல் இல்ல, பிள்ளை முக்கிக் கத்துக்குது. அதுக்குப் போயி உரைமருந்து, தேன்னு ஊத்தாதீங்க. ஒரு வயசுக்குள்ள தேன் நாக்குல கூட வைக்கக் கூடாது, அதுல இருக்கிற கிருமியால பிள்ளை துவண்டு போற நோய் வரும். திட உணவு ஆரம்பிச்ச பிறகு கட்டியா போச்சுன்னா அப்ப கேளுங்க.

வாரத்துக்கு ரெண்டு தடவை நாங்க 1 மில்லி இரும்புச்சத்து சிரப் குடுக்கிறோம்ல, ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசு வரைக்கும். மலம் கறுப்பாப் போகும். அதைப் பாத்து "சூடு, சிக்கல்"னு சிரப்பை மண்ணுல கொட்டிர்றாங்க. கறுப்பு அந்த மருந்தோட நிறம்தான். கொட்டாதீங்க, கட்டியா போனா எங்ககிட்டச் சொல்லுங்க.

பாலு பத்தியும் ஒரு வார்த்தை. சோறு திங்க மாட்டேங்குதுன்னு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் பாட்டில்ல குடுக்கிறாங்க. பால்ல நாரும் இல்ல, இரும்பும் இல்ல. வயிறு நிறைஞ்சு போயி சோறு இன்னும் திங்காது. அரை லிட்டருக்குள்ள வைங்க, டம்ளர்ல.

பனங்காட்டு ஐயா | ஜனவரி 28, காலை 6.00

டாக்டர் தம்பி, சரி. மூக்கைப் பிடிச்சு ஊத்துறது தப்புதான். எங்க தெருவுல ஒரு பிள்ளைக்கு அப்படிப் புரை ஏறினது ஞாபகம் வருது. கிழங்கு எப்பக் குடுக்கலாம்னு மட்டும் சொல்லுங்க.

கடலோர டாக்டர் | ஜனவரி 28, இரவு 10.30

காலியான மறு வாரத்துல இருந்து குடுக்கலாங்கய்யா. நார்ச்சத்துக்கு ஒரு கைக்கணக்கு இருக்கு: வயசோட 5 கூட்டினா அத்தனை கிராம் ஒரு நாளைக்கு. நாலு வயசுக்கு 9 கிராம். வெறும் சோறும் மீன் குழம்பும் அந்தக் கணக்குல பாதியைக் கூடத் தொடாது. மீனைக் குறை சொல்லல, அது கூட வேற எதுவும் தட்டுல விழ மாட்டேங்குதுன்னு சொல்றேன். ஒரு கொய்யாப்பழம் பாதிக் கணக்கை முடிச்சிரும். முருங்கைக்கீரை, கேழ்வரகுக் கூழ், தோலோட பயறு, உங்க பனங்கிழங்கு. கிழங்கை நடுநரம்பை உருவிட்டு சின்னதா ஒடிச்சுக் குடுங்க, தேங்காய்ப்பூ போட்டு. அளவுக்கு மீறி நாரும் தண்ணியும் குடுத்தா கூடுதல் பலன்னு ஒண்ணும் கிடையாது.

தெற்குவாடி அம்மா | பிப்ரவரி 10, இரவு 9.50

எங்க டாக்டர்கிட்டயே திரும்பப் போனோம். நிறுத்தினதைச் சொன்னதும் திட்டல. எடை பாத்தார், 14 கிலோ 200. வயித்துல என் கையை எடுத்து வச்சு அந்தக் கட்டியைக் காட்டினார். வெள்ளிக்கிழமை ஆரம்பிச்சோம். சனிக்கிழமை ராத்திரி நடந்ததை எழுத முடியாது. நாலு வயசுப் பிள்ளை வயித்துல இவ்வளவு இருந்துச்சான்னு மாமியார் வாயில கை வச்சுட்டாங்க. திங்கக்கிழமை ரெண்டு தோசை கேட்டுச் சாப்பிட்டான்.

பவுடர் கலக்கிறதுல ஒரு பிரச்சினை இருந்துச்சு. எங்க குழாய்த் தண்ணி உப்பு, கலக்கினா இன்னும் வாயில வைக்க மாட்டேங்கிறான். குடத்துக்குக் காசு குடுத்து வாங்குற தண்ணியில, கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுக்கிறேன். டாக்டர் சரின்னுட்டார்.

மெடிக்கல் தம்பி | பிப்ரவரி 11, காலை 9.30

ரெண்டாவது டப்பா வாங்கிட்டீங்களா அக்கா? அதான் என் கேள்வி.

தெற்குவாடி அம்மா | பிப்ரவரி 11, காலை 9.44

வாங்கிட்டேன் தம்பி.

தெற்குவாடி அம்மா | ஜூன் 16, இரவு 10.05

நாலு மாசம் கழிச்சு வர்றேன். நல்லதை மட்டும் எழுதக் கூடாது, அதனால ஏப்ரல்ல நடந்ததைச் சொல்லிர்றேன். ரெண்டு மாசம் தினமும் போனான். எல்லாம் சரியாப் போச்சுன்னு நானாவே அளவைப் பாதியாக்கி, பத்து நாள்ல அதையும் நிறுத்திட்டேன். கோடை லீவுல அம்மச்சி வீட்டுக்குப் போனோம், அங்க டாய்லெட் இருட்டு. நாலாம் நாள் கதவுக்குப் பின்னால நின்னான். இந்தத் தடவை நான் கத்தல. அன்னைக்கு ராத்திரியே எங்க டாக்டருக்குப் போன் போட்டேன். ஒரு தடவை திரும்ப வரும், இது தோல்வி இல்ல, பழைய அளவுல இருந்து ஆரம்பிங்கன்னார்.

மீன்பிடித் தடைக்காலம் ரெண்டு மாசமும் வீட்டுக்காரர் கரையில. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உக்கார வைக்கிற வேலையை அவரே எடுத்துக்கிட்டார். முக்காலிக்குப் பதிலா மீன் பெட்டி ஒண்ணைக் கவுத்துப் போட்டு, பையன் உள்ள சங்கு ஊத, இவர் வெளிய உக்காந்து வலை பொத்துவார். நேத்து அவர் கடலுக்குப் போயிட்டார். இன்னைக்கு அவனே போயி உக்காந்துட்டு, முடிஞ்ச பிறகு கூப்பிட்டான். பவுடர் இன்னும் ஓடுது, முன்னால குடுத்ததுல முக்கால் அளவு, அடுத்த மாசம்தான் பேச்சு.

மாமியாருக்கு இப்ப வெத்தலைப் பெட்டியை அவன்தான் எடுத்துட்டு வந்து குடுக்கிறான். ஆனா ஒவ்வொரு வெத்தலையிலயும் காம்பைக் கிள்ளி வாசல்ல எறிஞ்சிட்டுத்தான் கையில குடுப்பான்.